வயருக்கு ஜுரம் பார்த்தவர்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை உள்ள அத்தனை டாக்டர்களும் சேர்ந்து பார்த்த ஜுரத்தைவிட அதிகமான ஜுரத்தைத் தனி ஆளாகப் பார்த்தவர் எங்கள் ஜுரம் அண்ணன். என்ன, அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட யாருக்கும் உயிர் கிடையாது. எல்லாமே மின்சார வயர்கள்.

மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு ரிசார்ட்டில் நான் பதினோரு வருடம் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். பல்பு, போல்ட்டு, குழாய் வாஷர் என்று கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் வேலை. அவர் அங்கே எலெக்ட்ரீஷியன். என்னை ‘ஸ்டோரு’ என்று கூப்பிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நானும் அவர் பெயரைக் கேட்டதில்லை; ஸ்டோர் நோட்டில்கூட ‘ஜுரம்’ என்றே எழுதுவேன். பதினோரு வருடம் ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்துச் சாப்பிட்ட மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது என்றால் என்னை என்ன சொல்வீர்களோ, சொல்லிக்கொள்ளுங்கள்.

அவரைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. சொல்கிறேன். ஆனால் இந்த ஜுரப் பைத்தியத்தால் அவர் தன் ஒரே மகளின் பேச்சை இழந்தார் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் உங்களை ஏமாற்றியது போல ஆகிவிடும்.

வேலைக்கு வந்ததும் மற்ற எலெக்ட்ரீஷியன்கள் டீ குடிப்பார்கள். இவர் ரவுண்ட்ஸ் போவார். ஏணியைச் சாத்தி ஏறி, ஃபால்ஸ் சீலிங் பலகையை நகர்த்தி, உள்ளே கட்டுக்கட்டாக ஓடும் கேபிள்களின் மேல் புறங்கையை வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் அம்மாவின் முகம் அப்போது அவருக்கு வந்துவிடும். ஏன் புறங்கை என்று ஒருமுறை கேட்டேன்.

“உள்ளங்கைய வெச்சிகினா, லீக்கு கீதுன்னு வையி, அப்டியே புடிச்சிக்கும். புறங்கைன்னா ஒதறி வுட்டுடும். அதுவும் இல்லாம, உள்ளங்க காச்சுப் போச்சு ஸ்டோரு. அதுக்கு சூடு தெரியாது.”

இறங்கி வந்து ரிப்போர்ட் சொல்வார். “லாண்டிரி லைனுக்கு லேசா ஜுரம். கிச்சன் லைனுக்கு நல்ல ஜுரம். ஸ்பா லைனு பொழைக்காது.”

விஷயம் என்னவோ சின்னதுதான். வயரில் கரண்ட் ஓடினால் கொஞ்சம் சூடாகும். தனியாக ஓடினால் அந்தச் சூடு காற்றில் கலந்து போய்விடும். பத்துப் பதினைந்து வயரை ஒன்றாகச் சேர்த்து பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கிவிட்டால், நடுவில் இருப்பதற்குச் சூடு போக வழியில்லை. மேல்தோல் நன்றாக இருக்கும்போதே உள்ளே வெந்துகொண்டிருக்கும். தள்ளித்தள்ளிப் போட வேண்டும், இல்லையென்றால் சேர்ந்து ஓடுகிற வயர்களில் லோடைக் குறைக்க வேண்டும். எலெக்ட்ரிக்கல் படித்த எல்லாருக்கும் இது தெரியும். ராத்திரி தூக்கம் வராமல் இதை நினைத்துக்கொண்டு படுத்திருந்தவர் இவர் ஒருவர்தான்.

ஒருநாள் வரும் வழியில், திருக்கழுக்குன்றத்தில் பஸ் மாறும்போது, மெடிக்கல் ஷாப்பில் தெர்மாமீட்டர் கேட்டிருக்கிறார். “கொழந்தைக்கா, பெரியவங்களுக்கா?” என்று கடைக்காரர் கேட்க, “ஏசி லைனுக்கு” என்றிருக்கிறார் இவர். கடைக்காரர் பெரியவர்களுக்கானதையே எடுத்துக் கொடுத்தாராம். அதைக் கொண்டுவந்து லாண்டிரி மேலே ஓடும் கேபிள் கட்டில் ரப்பர் பாண்டு போட்டுச் செருகினார். நானும் ஏணியில் பாதி ஏறி நின்று பார்த்தேன். பாதரசம் விறுவிறுவென்று ஏறி, கோடுகள் முடிந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

“பாத்தியா ஸ்டோரு? மனுசனா இருந்தா இந்நேரம் பாடை கட்டியிருப்பாங்கோ” என்றார்.

இந்த நோய் வயரோடு நிற்கவில்லை. சேர்த்துக் கட்டிய எதைப் பார்த்தாலும் அவருக்குப் பொறுக்காது. செங்கல்பட்டு மார்க்கெட்டில் கீரை வாங்கினால் அங்கேயே கட்டை அவிழ்த்து உதறிப் பையில் போடுவார். கீரைக்காரம்மா திட்டுகிற திட்டு ஸ்டேஷன் வரை கேட்கும். கேன்டீனில் இட்லியை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், நாலையும் நாலு மூலைக்குத் தள்ளிவிட்டு நடுவில் சட்னியை ஊற்றச் சொல்வார். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் இரண்டு பேருக்கு மேல் உட்கார விடமாட்டார். ஒருமுறை ரிசார்ட்டுக்கு ஹனிமூன் வந்த ஜோடி, நல்ல உச்சி வெயிலில் ஒட்டிக்கொண்டு மணலில் நடந்து போனார்கள். இவர் போஸ்ட் லைட் மாட்டிக்கொண்டிருந்தவர், ஏணி மேலிருந்தே சத்தம் போட்டார்.

“சார்! கொஞ்சம் கேப் வுட்டு நடங்க சார்! ஹீட் ஆயிடும்!”

அந்த ஜோடி எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தது.

எங்கள் ஜி.எம். இதற்கு நேர் எதிர். அவருக்கு எல்லாம் ஒழுங்காக, ஒன்றோடொன்று ஒட்டி இருக்க வேண்டும். டவலை அன்னப்பறவை மாதிரி மடிக்கச் சொன்னவர், கேபிளைச் சும்மா விடுவாரா? முதலாளிகள் பார்வையிட வருகிறார்கள் என்று வெளியிலிருந்து ஆள் வைத்து, பானல் ரூமில் இருந்த அத்தனை கேபிளையும் ஜடை பின்னினது போலக் கட்ட வைத்தார். சாண் இடைவெளிக்கு ஒரு டை. உண்மையைச் சொன்னால் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான்கூடப் போட்டோ எடுத்தேன்.

மறுநாள் மதியம் ஜுரம் அண்ணன் கட்டிங் பிளேயரோடு உள்ளே போனார். வெளியே வந்தபோது ஒரு பக்கெட் நிறைய நறுக்கின டை. கேபிள்கள் எல்லாம் தலைவிரி கோலமாகத் தொங்கின. மாலையில் முதலாளிகள் வந்தார்கள். ஜி.எம். கதவைத் திறந்து காட்டிவிட்டு, தானே உடனே சாத்திக்கொண்டார்.

விசாரணைக்குச் சாட்சியாக என்னையும் கூப்பிட்டார்கள். ஜுரம் அண்ணன் கையைக் கட்டாமல் நின்றுகொண்டு விளக்கம் சொன்னார்.

“சார், நீங்க கார்ல வர்றவரு. ஒருநாள் காலைல செங்கல்பட்டுல பீச் லோக்கல் ஏறிப் பாருங்க. சிங்கபெருமாள்கோயில் வரைக்கும் காத்து ஜில்லுனு வரும். கூடுவாஞ்சேரில ஜனம் ஏறும் பாருங்க, அப்ப இன்னா ஆவும்? கதவாண்ட தொங்கறவனுக்கு ஒண்ணும் இல்ல, அவனுக்குக் காத்து கீது. நடுவுல மாட்டிகினவன்தான் வெந்து பூடுவான். கேபிளும் அப்டிதான் சார்.”

“நான் ட்ரெயின்ல போறதில்லை” என்றார் ஜி.எம்.

“அதான் சார் பேஜாரு.”

ஒரு வாரம் சஸ்பென்ஷன். திரும்பி வந்தபோது கேபிள்கள் மறுபடியும் ஜடை பின்னிக்கொண்டு இருந்தன. அவர் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர் வாய்விட்டுச் சிரித்து நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அந்த வருடம் அக்கினி நட்சத்திரத்தில் லாண்டிரி மேலே ஓடும் கட்டிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாசனை வர ஆரம்பித்தது. புதிதாகச் சேர்ந்திருந்த ஜூனியர் இன்ஜினியர் ஒரு யோசனை செய்தார். பெரிய பெடஸ்டல் ஃபேனைக் கொண்டுவந்து மேஜை மேல் ஏற்றி, அந்தக் கட்டைப் பார்த்துத் திருப்பி வைத்து ஓட விட்டார். சூடு ஆறிக்கொள்ளும் என்று திட்டம். ஃபேனின் பிளக்கைப் பக்கத்திலிருந்த பாயின்ட்டில் சொருகினார். அந்தப் பாயின்ட்டுக்குக் கரண்ட் வருவது அதே கட்டு வழியாகத்தான். ஜுரம் அண்ணன் வந்து ஃபேனைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார். அப்படியே துணி மூட்டை மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“ஸ்டோரு, ஜுரம் வந்தவன் முதுகுல ஏறி ஒக்காந்துகினு அவனுக்கே விசிறி வுடறாங்கோ பாரு!”

அதற்கு அடுத்த மாதம் அவர் மகள் ரேவதிக்குக் கல்யாணம். அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை.

கல்யாணம் செங்கல்பட்டில் ஒரு ஏசி மண்டபத்தில். எனக்குப் பத்திரிகை வைக்காமல் வாயாலேயே சொல்லிக் கூப்பிட்டிருந்தார். முதல்நாள் சாயங்காலம் ரிசப்ஷன். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்க, சம்பந்திகள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜுரம் அண்ணன் பட்டு வேட்டி கட்டியிருந்தார். எனக்கே அடையாளம் தெரியவில்லை. மேடையில் செருப்பு போடக்கூடாது அல்லவா, வெறுங்கால். அந்த வெறுங்காலில்தான் வினை வந்தது.

சிவப்புக் கம்பளம் ஓரிடத்தில் வெதுவெதுப்பாக இருந்திருக்கிறது. காலை மாற்றி வைத்தார். மறுபடி அங்கேயே வைத்தார். நான் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாக மண்டியிட்டுக் குனிந்து, புறங்கையைக் கம்பளத்தில் வைத்துக் கண்ணை மூடினார். கை வைத்த இடம் மாப்பிள்ளையின் அப்பாவுடைய காலுக்குப் பக்கம். பெண்ணைப் பெற்றவர் தன் காலில் விழுகிறார் என்று அவர் பதறிப் போய்விட்டார்.

“ஐயய்ய, இன்னாங்க சம்மந்தி இது! நமக்குள்ள இதெல்லாம் இன்னாத்துக்கு? எந்திரிங்க, நல்லா இருங்க!” என்று இரண்டு கையாலும் ஆசீர்வாதம் செய்து தூக்கினார். போட்டோக்காரர் அதையும் எடுத்தார். கூட்டத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

தூக்கி நிறுத்தப்பட்டவர் அடுத்த நிமிடம் மேடையில் இல்லை. அதற்கு அடுத்த நிமிடம் மண்டபத்தில் கரண்ட் இல்லை. விளக்கு, ஏசி, பாட்டு, வீடியோ திரை, ஐஸ்கிரீம் பெட்டி எல்லாம் நின்றுபோயின. ஜெனரேட்டர் ஏன் வரவில்லை என்று ஓடிப்போய்ப் பார்த்தால், ஜெனரேட்டர் ரூம் சாவியும் அவர் மடியில் இருந்தது. செல்போன் வெளிச்சத்தில், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேடைக் கம்பளத்தைச் சுருட்டித் தள்ளிவிட்டு, அடியில் கயிறு போட்டுக் கட்டியிருந்த பதினாலு வயரையும் அவிழ்த்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் போட ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம். பட்டுப் புடவைகளோடு ஐந்நூறு பேர் வேர்த்து ஊற்றினார்கள். மாப்பிள்ளையின் அத்தை மயங்கி விழுந்தார். பிள்ளை வீட்டார் சாப்பிடாமலே கிளம்ப, கையைக் காலைப் பிடித்து நிறுத்தினார்கள். 

“தொட்டுப் பாருங்க சம்மந்தி! எப்டி கொதிக்குது பாருங்க!” என்று மாப்பிள்ளையின் அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தார் ஜுரம் அண்ணன். அவர் குனிந்து தொட்டார்.

“ஒண்ணும் இல்லியே. ஜில்லுனு தானே கீது?” 

ஜில்லென்றுதான் இருந்தது. அண்ணன்தான் கரண்ட்டை நிறுத்தி முக்கால் மணி நேரம் ஆகிவிட்டதே. அவருடைய ஒரே சாட்சியை அவரே ஆற வைத்துவிட்டார். “இந்த மண்டபம் கட்னதுல இருந்து இப்டிதான் கீது, ஒரு தபா கூட ஒண்ணும் ஆவல” என்றார் மேனேஜர். அண்ணியின் தம்பி ஏழுமலை, பெண்ணுக்குத் தாய்மாமன், கூட்டத்தின் நடுவில் நின்று, “எங்க மாமனுக்கு மண்டைலதான் ஜுரம்” என்று உரக்கச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

ரேவதி சிரிக்கவில்லை. பொட்டு அழிந்து, மாலை வாடி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். 

“எவ்ளோ கல்யாணம் இந்த மண்டபத்துல நடந்துச்சி. என் கல்யாணத்துக்கு மட்டும்தான் ஒயருக்கு ஜுரம் வந்துச்சா?” என்று கேட்டாள். அதுதான் அவள் அப்பாவிடம் பேசிய கடைசிப் பேச்சு. காலையில் தாலி கட்டும்போது அவர் பந்தலின் ஓரத்தில் நின்றிருந்தார்.

மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. ரேவதி அங்கே போய்விட்டாள். அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை போன் செய்வாள். அண்ணி ஸ்பீக்கரில் போட்டுவிட, இவர் வாசற்படியில் நின்று மூச்சு விடாமல் கேட்பாராம். ஒருமுறை இருமல் வந்துவிட்டது. அந்தப் பக்கம் போன் கட்டாகிவிட்டது. அதிலிருந்து போன் வரும்போதெல்லாம் வாயில் துண்டை வைத்துக்கொண்டு நிற்பார் என்று அண்ணி சொன்னபோது எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

அவர் தன் பங்குக்கு வாட்ஸப்பில் படம் அனுப்புவார். உருகிய பிளக், கருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், எங்கேயோ எரிந்துபோன கடை. கூடவே ஒரே வார்த்தை: ‘ஜாக்கிரதை’. எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று ஒரு அப்பா கேட்பதையெல்லாம் அவர் கேட்டதில்லை. பதிலும் வந்ததில்லை.

“ப்ளூ டிக் வந்துச்சி பாரு ஸ்டோரு” என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டுவார். “பாத்துட்டா. அது போதும்.”

ஒருநாள் மதியம், ரிசார்ட்டுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டார்.

“ஸ்டோரு, ஒருவேள அன்னிக்கு ஒண்ணும் ஆயிருக்காதோ?”

நடக்காமல் போன நெருப்பைப் பற்றி யார் என்ன சொல்ல முடியும்? ‘நீங்கள் செய்தது சரி’ என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு ஒரு காசு செலவில்லை. “டீ சாப்டலாமாண்ணே?” என்றேன். அவர் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார். அந்த டீ இன்னும் எனக்கு நெஞ்சில் நிற்கிறது.

பிறகு ரிசார்ட் கைமாறியது, எங்கள் இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார்கள். நான் எழுத வந்தேன். அவர் வீட்டோடு இருந்தார். போன மே மாதம் ஒரு காலையில் அண்ணி போன் செய்தார். முந்தின நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. 

செங்கல்பட்டில் அவர் தெருவுக்குள் நுழைந்தபோது, கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்று கட்டியிருந்தார்கள். ஏதோ ஒரு பெயர். யாரோ பாவம், ஒரே தெருவில் இரண்டு சாவு என்று நினைத்துக் கடந்து போனேன். பத்தடி போன பிறகுதான் திரும்பி வந்து படத்தைப் பார்த்தேன். பதினோரு வருடம் தெரியாமல் இருந்த பெயரை அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

ரேவதி மஸ்கட்டிலிருந்து கிளம்பியிருந்தாள். நாலு மணிக்கு மேல்தான் வீடு வந்து சேர முடியும். அதுவரை முகம் பார்க்க வைத்திருக்க வேண்டும். வாசல் ஷாமியானாவில், கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பெட்டிக்குள் ஜுரம் அண்ணன் படுத்திருந்தார். வெளியே கத்திரி வெயில். மூன்று மணிக்கே எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். “பொண்ணு மூஞ்சியப் பாக்காம எடுக்கக் கூடாது” என்று அண்ணி ஒரே பிடியாக இருந்தார்.

நான் கொண்டுபோன ரோஜா மாலையை வைக்க இடம் தேடினேன். பெட்டியின் கால்மாட்டில் மாலைகள் குவிந்து கிடந்தன. இடம் பண்ணுவதற்காகக் குவியலைத் தூக்கினேன். மேலே இருந்த பூ நன்றாக இருந்தது. அடியில் இருந்தது பழுப்பாகச் சுருண்டு, தொட்டால் சூடாக இருந்தது. ரோஜா வெந்த வாசனை அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. குவியலுக்கு அடியில் நாலாக மடித்த போர்வை. அதற்கு அடியில், சக்கரத்தில் சுற்றின எக்ஸ்டென்ஷன் வயர். பெரிய சுருள். வேண்டிய பத்தடியை மட்டும் இழுத்துவிட்டு, மீதியைப் பிரிக்காமல், யார் காலும் தடுக்கக் கூடாது என்று போர்வை போட்டு அழகாக மூடி, அதன்மேல் மாலை வைத்திருந்தார்கள். வீட்டில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கூட அவர் வைத்திருக்கவில்லை என்பதால் ஷாமியானாக்காரரிடமிருந்து வாங்கியது. ஃப்ரீசர் பெட்டி, மூன்று பெரிய ஃபேன், டீ கெட்டில், சவுண்ட் செட் எல்லாம் அந்த ஒன்றிலிருந்துதான் ஓடின.

என் புறங்கை தானாகப் போய் அதைத் தொட்டது. சுரீர் என்றது.

ஏழுமலையைக் கூப்பிட்டு, உடனே எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்றேன்.

“நிறுத்தறதா? பொட்டி நின்னுடும் சார்! புள்ள வர்ற வரைக்கும் தாங்கணும். காலைல இருந்து ஓடிகினு தானே கீது? அது மேல போர்வ போட்டு நான்தான் நீட்டா வெச்சேன்.”

நான் வெறும் ஸ்டோர் கிளார்க். எனக்குத் தெரிந்த எலெக்ட்ரிக்கல் எல்லாம், எது எந்த அலமாரியில் இருக்கிறது என்பதுதான். நான் நினைத்தது தப்பாக இருந்து, பெட்டி நின்று, பெண் வருவதற்குள் எடுத்துவிட்டால், ரேவதி தன் அப்பா முகத்தை இனி எப்போதும் பார்க்க மாட்டாள். நான் நினைத்தது சரியாக இருந்து, நிறுத்தாமல் விட்டால், ஷாமியானா துணி, போர்வை, பூ என்று அந்த இடமே எரிந்துவிடும். ஜுரம் அண்ணன் அன்று மேடையில் எங்கே நின்றாரோ அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன். அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. கரண்ட்டை நிறுத்தினால் சாட்சி ஆறிவிடும். அவர் செய்த அந்த ஒரு தவறை நான் செய்யக் கூடாது. ஏழுமலையின் கையைப் பிடித்து இழுத்து, சுருளின் நடுவில் வைத்து அழுத்தினேன்.

“யம்மா!” என்று அவர் போட்ட சத்தத்தில் அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏழுமலை கையை உதறினார். ஓடிப்போய் மெயினை நிறுத்தினார். சுருளைப் பிரித்தோம். மேல் சுற்றுகள் சுலபமாக வந்தன. உள்சுற்றுகள் வரவில்லை. ஒன்றோடொன்று உருகி ஒட்டி, கரிய கட்டியாக இறுகியிருந்தன. வெளியே பார்த்தால் புது வயர் மாதிரி பளபளப்பு. தெருமுனைக் கடையில் கனமான புது வயர் வாங்கி, பக்கத்து வீட்டிலிருந்து பெட்டிக்கு மட்டும் தனியாக, ஒரு வளைவுகூட இல்லாமல் நேராக இழுத்தோம். இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு, யாரும் மிதிக்காதபடி ஏழுமலையே காவல் நின்றார். இருபது நிமிடம் கழித்துப் பெட்டி மறுபடி உறுமத் தொடங்கியது. அண்ணி அதைப் பார்த்துக் கும்பிட்டார். ஃபேன் எதையும் நான் போட விடவில்லை. வந்தவர்கள் விசிறிக்கொண்டு முணுமுணுத்தார்கள். அன்று அந்தத் தெருவிலேயே குளிர்ச்சியாக இருந்தவர் அண்ணன் ஒருவர்தான்.

நாலரைக்கு ரேவதி வந்தாள். கண்ணாடி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. சுற்றிலும் வேர்த்து வழியும் முகங்களைப் பார்த்துவிட்டு, “ஏம்மா ஒரு ஃபேன் கூட ஓடல?” என்றாள்.

ஏழுமலை அந்தக் கரிக்கட்டியை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார். தன் கையில் சிவந்திருந்த இடத்தையும் காட்டினார். “உங்கப்பன் கால்மாட்டுலயே கொதிச்சிகினு இருந்துச்சி கண்ணு. வெளிய பாத்தா ஒண்ணுமே தெரில. அன்னிக்கு மண்டபத்துல மாமன் சொன்னது நெஜம்தான் போலகீது. நாந்தான் கூட்டத்துல வெச்சி அசிங்கப்படுத்திட்டேன்.”

ரேவதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒட்டிக்கொண்டிருந்த நல்ல மேல்சுற்றை விரலால் விலக்கி, உருகிப்போன உள்பக்கத்தைத் தொட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து, நேராக ஓடும் புது வயரின் மேல் புறங்கையை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஜுரம் இல்லப்பா” என்றாள் பெட்டியைப் பார்த்து. “ஜில்லுனு கீது.” 

அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதாள். “நீ அனுப்புனது எல்லாத்தையும் பாத்தேன்பா. அங்க எங்க வூட்ல ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூட நான் வெக்கலப்பா” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று வருடம் அவர் நீட்டிக் காட்டிய ப்ளூ டிக்குக்கு அதுதான் பதில். கேட்க வேண்டியவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

ஐந்தரைக்கு எடுத்தார்கள். பாடையில் படுக்க வைத்து, குறுக்கே கயிறு போட்டார்கள். ஏழுமலை மூங்கிலில் காலை ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்து இழுத்து முடிச்சுப் போடப் போனார்.

“மாமா” என்றாள் ரேவதி. “ரொம்ப இறுக்காதீங்க. கொஞ்சம் லூசா கட்டுங்க. அப்பாவுக்குப் புடிக்காது.”

ஏழுமலை கயிற்றைத் தளர்த்தினார். தன் புறங்கையை உள்ளே நுழைத்து, இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் முடிச்சுப் போட்டார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.